குறைந்த மதிப்பெண்ணும் கணிப்பொறி மேற்படிப்பும்

கணிப்பொறி இயலில் பட்டம் பெற்று, ஆனால் குறைந்த மதிப்பெண்ணோடு வீடு திரும்பிய அக்காமார்கள் நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஒருவராவது இருப்பர். அவர் மேலே படிக்க வேண்டும் என்று வாய் திறந்தால் போதும், "இந்த மார்க்குக்கு மேற்படிப்பு ஒரு கேடா?" என்று உறவினர் கேட்பர். அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்துவிடுவர். அந்தக் கேள்வி நியாயமானதுதானா? குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு முதுநிலைப் படிப்பின் கதவு உண்மையிலேயே அடைக்கப்பட்டுவிட்டதா? பத்தாம் வகுப்பு மாணவிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி எழுந்தது. விடை தேடியவர்களுள் நானும் ஒருத்தி. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்கள் பழைய மதிப்பெண்ணைப் பார்ப்பது தண்டனை கொடுப்பதற்காக அன்று. "இவரால் எங்கள் பாடத்தைத் தாங்க முடியுமா?" என்பதொன்றே அவர்களுடைய ஐயம். உயர்ந்த மதிப்பெண் அந்த ஐயத்தை எளிதில் தீர்த்துவிடுகிறது. குறைந்த மதிப்பெண் தீர்ப்பதில்லை, அவ்வளவுதான். எனவே குறைந்த மதிப்பெண் பெற்றவர் வேறு ஏதாவது ஒன்றைக் காட்டி அந்த ஐயத்தைத் தீர்த்தாக வேண்டும். அது புதியதாக இருக்க வேண்டும். அதே பாடத்தில் இருக்க வேண்டும். அவரே செய்ததாகவும் இருக்க வேண்டும். "எனக்கு ஆர்வம் மிகுதி" என்று நூறு முறை எழுதினாலும் ஐயம் தீராது.

நம் நாட்டில் இதற்கென்றே அமைந்த பெரிய வழி 'கேட்' தேர்வு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து ஆண்டுதோறும் இதை நடத்துகின்றன. மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண். கணிப்பொறி இயல் தாளில் பொது அறிவுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13 போக, எஞ்சியவை அனைத்தும் பாட வினாக்கள். நிரல் எழுதுதல், வழிமுறைகள், இயங்கு தளம், தரவுத் தளம், கணிப்பொறி வலைப்பின்னல் ஆகியவை அவற்றுள் அடங்கும். விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாக்களில் தவறினால் மதிப்பெண் குறையும். எண்ணை நாமே கணக்கிட்டு எழுதும் வினாக்களில் குறையாது. தேர்வு எழுத வயது வரம்பு இல்லை. எத்தனை முறையும் எழுதலாம். பெற்ற புள்ளி மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

இனி முக்கியமான செய்தி. கேட் எழுதுவதற்குக் கல்லூரி மதிப்பெண் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. ஆனால் அதன்பின் கல்லூரியில் சேரும்போது விதி உண்டு. திருச்சி என்.ஐ.டி. உள்ளிட்ட என்.ஐ.டி.க்களில் எம்.டெக். சேர்வதற்கான பொதுக் கலந்தாய்வில், பொதுப் பிரிவினரும் இதர பிற்படுத்தப்பட்டோரும் பத்துக்கு 6.5 சராசரிப் புள்ளி அல்லது 60 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு 6.0 அல்லது 55 விழுக்காடு. இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் அங்கே பழைய மதிப்பெண்ணுக்கு வேலையில்லை. 6.6 பெற்றவரும் 9.6 பெற்றவரும் ஒரே வரிசையில் நிற்பர். கேட் புள்ளி யாருக்குக் கூடுதலோ அவரே முன்னே செல்வார். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை நம்பவைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று! கேட்டில் தகுதி பெற்று அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் எம்.டெக். படிப்போருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

கோட்டுக்குக் கீழே நிற்பவர் என்ன செய்வது? எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கோடு இல்லை என்பதே விடை. சென்னைக்கு அருகே சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. அங்கே கணிப்பொறி இயலில் எம்.எஸ்ஸி. உண்டு. அவர்கள் தாங்களே நுழைவுத் தேர்வு நடத்தி மாணவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய வினாத்தாள்களை இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மனப்பாடம் செய்து எழுதக்கூடிய வினா எதுவும் என் கண்ணில் படவில்லை. பல வினாக்கள் புதிர் போலவே இருந்தன. கல்லூரியில் நெட்டுருச் செய்ய வராததால் மதிப்பெண் இழந்த பெண்ணுக்கு இத்தகைய தேர்வு ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்வேன். ஐதராபாத்திலுள்ள ஐ.ஐ.ஐ.டி.யும் கேட் இல்லாமலே தன் சொந்த நுழைவுத் தேர்வின் மூலம் முதுநிலை மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது.

மற்றொரு வழி ஆராய்ச்சி வழி முதுநிலைப் பட்டம். சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இதனை எம்.எஸ். என்பர். இதில் வகுப்புப் பாடம் குறைவு, ஆராய்ச்சி மிகுதி. ஆகையால் பேராசிரியர்கள் எழுத்துத் தேர்வோடு நில்லாமல் நேர்முகத் தேர்வும் வைத்து, மாணவர் எப்படிச் சிந்திக்கிறார் என்று நேரிலேயே பார்க்கிறார்கள்.

இவ்விடத்தில் என் பெரியப்பா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பொறியியல் கல்லூரியில் முதல் நாள் முதல் எல்லாம் ஆங்கிலம். முதல் பருவத்தில் கணிதத்திலும் இன்னொரு பாடத்திலும் தவறிவிட்டார். கல்லூரி மொழியில் இதற்கு 'அரியர்' என்று பெயர். அந்தப் பருவத்தில் அவருடைய புள்ளி 4.8. கடைசிப் பருவத்தில் 7.4. எட்டுப் பருவங்களையும் கூட்டி வகுத்தால் 6.1 வருகிறது. ஊரார் பார்ப்பது இந்த 6.1-ஐ மட்டுமே. ஆனால் மதிப்பெண் பட்டியலை வரிக்கு வரி படிப்பவருக்கு, ஒவ்வொரு பருவமும் முந்தியதைவிட ஏறியிருப்பது தெரியும். பொறியியல் வரைபடத்திலும் வேதியியலிலும் வாங்கிய 5 வேறு; நிரல் எழுதும் பாடத்தில் வாங்கிய 5 வேறு. முன்னதைப் பேராசிரியர் மன்னிப்பார். பின்னதற்கு விளக்கம் கேட்பார்.

அக்கா இரண்டாண்டுகள் சென்னையில் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் படிப்பு; பிறகு விடுதியிலிருந்து பஸ் பிடித்து அலுவலகம். முதன்முறை கேட் எழுதியபோது தகுதி பெறவில்லை. பெரியம்மா, "போதும்மா, உடம்பைக் கெடுத்துக்காதே" என்றார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தரகரிடம் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை தகுதி கிடைத்தது. என்.ஐ.டி. கலந்தாய்வுக்கு 6.1 போதாது. ஆராய்ச்சி வழிப் படிப்புக்கு ஓரிடத்தில் விண்ணப்பித்தார். அவர்கள் கேட்ட குறைந்தபட்ச மதிப்பெண் அக்காவிடம் நூலிழையில் இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்கும் அழைக்கப்பட்டார்.

அந்த நேர்முகத்தில் நடந்ததை அக்கா எனக்கு அப்படியே சொன்னார். எனக்கும் புரிந்தது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

"உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" என்று கேட்டார்களாம். "வழிமுறைகள்" என்றார் அக்கா. "ஆயிரம் எண்கள் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக இருக்கின்றன. நான் சொல்லும் எண் அதில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எத்தனை எண்களைப் பார்ப்பீர்கள்?" நடுவில் உள்ள எண்ணைப் பார்த்தால் தேடும் எண் இடப் பாதியிலா வலப் பாதியிலா என்று தெரிந்துவிடும். மறுபாதியை விட்டுவிடலாம். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் பத்துத் தடவையில் முடிந்துவிடும், ஏனெனில் இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. "பத்து இலட்சம் எண்களானால்?" "இருபது." எண்கள் ஆயிரம் மடங்கு பெருகினாலும் பார்வை பத்துதான் கூடுகிறது! "வரிசையில் இல்லாவிட்டால்?" "ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்." "அப்படியானால் முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு பிறகு தேடலாமே?" அக்கா சற்று யோசித்து, "ஒரே ஒரு முறை தேடுவதானால் அது வீண் வேலை. பல முறை தேட வேண்டியிருந்தால் வரிசைப்படுத்துவதுதான் இலாபம்" என்றார். பேராசிரியர் தலையசைத்தாராம்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "முதல் பருவத்தில் கணிதத்தில் தவறியிருக்கிறீர்களே, என்ன காரணம்?" அக்கா இதற்கு முன்பே விடை எழுதி வைத்திருந்தார். "தமிழ் வழியிலிருந்து வந்ததால் முதல் ஆண்டில் வகுப்பைப் பின்பற்ற முடியவில்லை. அதன்பின் படித்த கணிதப் பாடங்களில் தேறியிருக்கிறேன்; கேட் தேர்வில் கணித வினாக்களுக்கும் விடையளித்திருக்கிறேன்." இவ்வளவே. கல்லூரியைக் குறை கூறவில்லை, அழவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடந்தான். இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை முடிவு வரவில்லை. தரகரிடமிருந்து ஜாதகத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இதே விளக்கத்தை எழுத்தில் கேட்பர். அமெரிக்காவில் 'நோக்க அறிக்கை' என்று ஒன்றும், பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்களும் அனுப்ப வேண்டும். நோக்க அறிக்கையில் குறைந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு மூன்று வரிகள் போதும். மீதி முழுவதும் செய்த வேலையைப் பற்றியும் இனிச் செய்யப்போவதைப் பற்றியும் இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி நம் ஊரில் ஒரு தப்பெண்ணம் உண்டு. பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்கினால்தான் மதிப்பு என்று முதல்வரின் அறைக்கு வெளியே காத்துக் கிடப்பார்கள். முதல்வருக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரிந்திராது. "இவர் நல்லொழுக்கம் உடையவர்" என்ற கடிதத்தால் என்ன பயன்? இறுதியாண்டுத் திட்டப்பணியில் கூட இருந்து பார்த்த இளம் விரிவுரையாளர், "இம்மாணவி இந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினாள்" என்று எழுதினால் அதற்குத்தான் எடை மிகுதி.

அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் ஒரு புதுமை நடந்திருக்கிறது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014 சனவரியில் கணிப்பொறி இயல் முதுநிலைப் பட்டத்தை முழுக்க முழுக்க இணைய வழியில் தொடங்கியது. அப்போது பட்டம் முழுவதற்கும் ஆகும் கல்விக் கட்டணம் 7,000 டாலருக்கும் குறைவு. இன்று பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் படிக்கிறார்கள். வகுப்பறையில் நாற்காலி இத்தனைதான் என்ற கட்டுப்பாடு இல்லாததால், தகுதி இருக்கக்கூடும் என்று தோன்றுபவரை உள்ளே விட்டுப் பார்க்க அவர்களால் முடிகிறது. உள்ளே வந்தவர் முதல் ஆண்டுக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் 'பி' தரமாவது பெற்றால்தான் தொடரலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டது. அதன் இணைய வழிக் கணிப்பொறி இயல் முதுநிலைக்குப் பழைய மதிப்பெண் பட்டியலையே கேட்பதில்லை. குறிப்பிட்ட மூன்று சிறு பாடங்களைக் கட்டணம் செலுத்திப் படித்து, சராசரியாக 'பி' தரம் பெற்றால் அதுவே அனுமதி. பழைய பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பதைவிட, பாடத்தையே கொடுத்துப் பார்ப்பது நேர்மையான முறை என்பது என் எண்ணம். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படிச் செய்தால் என்ன?

பெற்றோர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இடம் கிடைத்துவிட்டது என்பதாலேயே அது நல்ல இடம் ஆகிவிடாது. முதுநிலை மாணவர் பெரும்பாலோர் தாமே பணம் கட்டிப் படிப்பதால், கட்டணத்துக்காகவே எவரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. மதிப்பெண் குறைந்தவரை இவையே முதலில் கூப்பிடும். வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்குமுன், அங்கே பாடம் நடத்துபவர் யார், படித்து முடித்தவர் எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். பணம் கொடுத்தால் பொய்யான வேலைச் சான்றிதழ் தயாரித்துத் தருவதாகச் சொல்லும் தரகர்களின் படி ஏறவே கூடாது. பொய் வெளிப்பட்டால் இடமும் போகும், விசாவும் போகும்.

பணம் அதிகம் செலவழியாமல் புதிய சான்று சேர்க்க நம் நாட்டிலேயே வழி உண்டு. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டெல்' பாடங்களை எவரும் இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் சிறு கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும். கல்லூரியில் எந்தப் பாடத்தில் சறுக்கினாரோ அதே பாடத்தை இங்கே எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினால், அது பழைய வரிக்குப் பக்கத்தில் எழுதிய புதிய வரி போல் ஆகும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருவர் கணித மேதை இராமானுஜனைச் சொல்லிவிடுகிறார்கள். அவர் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். பட்டம் இல்லாமலே 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். எல்லாம் உண்மையே. ஆனால் தேர்வில் தவறியதால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நோட்டுப் புத்தகங்களில் தாமே கண்டுபிடித்த கணக்குகள் நிரம்பியிருந்ததால் கிடைத்தது. அவரை எடுத்துக்காட்டுபவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

"வயதாகிவிட்டதே" என்பவர்களுக்கு வேறொருவரைச் சொல்லலாம். அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியாஸ்திரி! அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர், 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். பின்னர் அயோவா மாநிலத்தில் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையை நிறுவி, கைக்குழந்தையுள்ள தாய்மார் குழந்தையோடு வகுப்புக்கு வருவதையும் ஊக்குவித்தார். எங்கள் சிஸ்டர்களில் பலருக்கே இது புதுச் செய்தியாக இருந்தது.

என் வகுப்புத் தோழியருக்கு இவ்விஷயம் இன்னும் சில வாரங்களில் தேவைப்படும். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் பிரிவு எழுத வேண்டும் அல்லவா? கணக்கு வேண்டாம் என்று வணிகவியலுக்கு ஓட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னாளில் பி.காம்., பி.ஏ. போன்ற பட்டம் பெற்று எம்.சி.ஏ. சேர விரும்பினால், மேல்நிலையிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்ப்பர். அந்தப் படிப்பு இப்போது மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. இன்னொன்று, சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்துத் தேறியிருந்தாலும் போதும். ஆனால் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரப் பாடம் கொடுத்து, அதிலேயே தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அதாவது, இப்போது நம் மேசைமேல் இருக்கும் கணக்குப் புத்தகந்தான் அவர்கள் முதலில் கேட்பது.